மலாக்கா: மன்னர் போய்விட்ட அரச நகரத்தை எங்கே தேடுவது? (அனுபவப் பகிர்வு)

நெல்லிமரம்:

மலாக்காவுக்குப் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று படங்களோடு திரும்புகிறார்கள்: சிவப்புக் கட்டடம், கோட்டை வாசல், மர அரண்மனை. மூன்றில் ஒன்றுகூட சுல்தான்கள் காலத்தது இல்லை. சிவப்புக் கட்டடம் 1641-க்குப் பிறகு டச்சுக்காரர் எழுப்பியது. வாசல் போர்த்துகீசியர் கட்டி, டச்சுக்காரர் திருத்தியது. அரண்மனை 1986-ல் திறந்த மாதிரி. 1400 வாக்கில் தொடங்கி 1511 வரை நீரிணையையே கையில் வைத்திருந்த மலாய்த் தலைநகரத்துக்குத் தரைக்கு மேலே நிற்கும் ஒரு சுவர்கூட இல்லை.

ஆனால் அந்த ஊரின் கிடப்பு மாறவில்லை. குன்று, ஆறு, பாலம், எதிர்க்கரைக் கடைத்தெரு நான்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இவற்றை நேரில் பார்த்து, அளந்து, ஏட்டோடு ஒப்பிட்டவர்கள் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். பயணக் கதை வேண்டாம். அடுத்து போகிறவர் கையில் பிடித்துக்கொண்டு நடக்க உதவ வேண்டும்.

நானே தொடங்குகிறேன். முதலில் குன்றின் மேல் ஏறுங்கள். இன்று செயின்ட் பால் குன்று என்று பலகை இருக்கும். பழைய பெயர் புக்கிட் மலாக்கா. சுல்தானின் இருப்பிடம் இந்தக் குன்றைச் சார்ந்தே இருந்தது. கோட்டை வாசல் பக்கமாக ஏறி, சிவப்புக் கட்டடம் பக்கமாக இறங்குவது நல்லது. அப்படி இறங்கினால் அரண்மனையிலிருந்து ஆற்றுப் பாலத்துக்குப் போகும் திசையிலேயே நடக்கிறீர்கள்.

மேலே நின்று தென்மேற்கே பாருங்கள். அங்கே தெரியும் பேரங்காடிகளும் ஹோட்டல்களும் கடலைத் தூர்த்த நிலத்தில் நிற்கின்றன. அவற்றை மனத்தால் அழித்துவிட்டு, குன்றின் அடிவாரத்துக்கு அருகிலேயே அலை வந்து அடிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிறகு படிக்கும் எதுவும் பொருந்தாது. கோட்டை வாசலை ஊரின் நடுவில் யார் கட்டினார்கள் என்ற குழப்பம் பலருக்கு வருவது இதனால்தான். அது கட்டப்பட்டபோது கடலோரம்.

வடமேற்கே ஆறு. ஆற்றுக்கு அப்பால் இன்றைய ஜோங்கர் தெரு வட்டாரம், அன்றைய உப்பே, அதாவது வணிகர் ஊர். வடகிழக்கே மரங்கள் அடர்ந்த மேடு புக்கிட் சினா. தென்கிழக்கே ஹிலிர், பண்டார் ஹிலிர் என்ற பெயரில் இன்றும் வழங்குகிறது. அரசர் ஒரு கரை, சந்தை மறு கரை, இரண்டையும் கட்டிப்போட்டது ஒரே பாலம். மலாக்காவின் வரலாற்றில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். பலெம்பாங்கிலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்து மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா இங்கே இளைப்பாறியபோது, ஒரு வெள்ளைச் சருகுமான் அவருடைய வேட்டைநாயை உதைத்து ஆற்றில் தள்ளியதாம். அவர் சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தாராம். அந்த மலாக்கா மரம் வேறொன்றுமில்லை, நம் நெல்லிதான். ஆமலகம் என்ற வடசொல்லின் வழியே வந்த பெயர்.

---

செம்பூரான்:

கோட்டைக் கல்லைப் பற்றி எழுதுகிறேன்.

வாசலின் மேலே 1670 என்று இருப்பதைப் பார்த்து, கோட்டை அந்த ஆண்டு கட்டப்பட்டது என்று வழிகாட்டிகள் சிலரே சொல்லிவிடுகிறார்கள். அது டச்சுக் கம்பெனி பழுதுபார்த்துத் தன் முத்திரையைப் பதித்த ஆண்டு. கோட்டை வேலையைப் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கி 1511-லேயே, நகரம் விழுந்த கையோடு தொடங்கிவிட்டார். குன்றின் அடிவாரத்தில், பள்ளிவாசல் இருந்த இடத்தை ஒட்டி, நான்கு அடுக்குக் கோபுரம் எழும்பியது. கல்லுக்கு எங்கே போனார்கள்? பள்ளிவாசல்களையும் அரச குடும்பத்தாரின் கல்லறைகளையும் பிரித்தார்கள். மலாக்கா சுல்தான்களின் கல்லறைகளை இன்று ஊருக்குள் வரிசையாகக் காட்ட முடியாததற்கு முதல் காரணம் இதுதான். நகரத்தை ஆண்டவர்களின் நடுகல்லே நகரத்தை அடக்கிய சுவருக்குள் போனது. மலாய் மக்களிடம் இந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துப் பேசுங்கள்.

மீதிக் கல் செம்பூராங்கல். கடலில் தெரியும் உப்பே தீவில் வெட்டி எடுத்த தழும்பு உண்டு. இந்தக் கல்லின் குணம் தெரிந்தால் சுவரைப் படிப்பது சுலபம். மண்ணுக்குள் ஈரமாக இருக்கும்போது கோடரியால் வெட்டும் அளவுக்கு மெதுவாக இருக்கும். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகும். அதனால் வெட்டுவதற்கு ஆள்பலம் போதும், பெரிய கருவி வேண்டாம். குறை என்னவென்றால் உடம்பெல்லாம் துளை. மழைநீரை உறிஞ்சும். பழைய ஆட்கள் மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். அது ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியேயும் விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் நீர் உள்ளே சிறைப்பட்டு, சாந்து பாளம் பாளமாகக் கழன்று வரும்போது கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். சுவரில் சாம்பல்நிறத் திட்டும் அதைச் சுற்றிப் பொடிந்த சிவப்பும் தெரிந்தால், அது போரில் பட்ட காயம் அல்ல, பழுதுபார்ப்பில் பட்ட காயம்.

கோட்டை இப்படிக் குறைந்ததற்குக் காரணம் போர்த்துகீசியரும் அல்ல, டச்சுக்காரரும் அல்ல. 1807-ல் ஆங்கிலேயர், வில்லியம் ஃபார்குவார் பொறுப்பில், வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். மலாக்காவைத் திரும்ப டச்சுக்காரரிடம் கொடுக்க நேர்ந்தால் பலமான கோட்டையைக் கொடுக்கக் கூடாது என்ற கணக்கு. அந்தத் தகர்ப்பைக் கண்ணால் கண்டு எழுதியவர் முன்ஷி அப்துல்லா. யானை அளவு, வீட்டளவு கற்கள் காற்றில் பறந்து கடலில் விழுந்ததாக எழுதுகிறார்.

ஆற்றங்கரையில் இருக்கும் மிடல்பர்க் கொத்தளத்தைப் பழைய சுவர் என்று எண்ணிப் படமெடுக்க வேண்டாம். 2006-ல் சுழலும் கோபுரம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது கீழே டச்சுச் சுவர் அகப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். 110 மீட்டர் உயரத்தில் தாமிங் சாரி கோபுரம் என்று இப்போது பண்டார் ஹிலிரில் நிற்பது அதுதான். அடித்தளத்தின் மேல் கொத்தளத்தைப் புதிதாக எழுப்பினார்கள். அடிவரி பழையது, உடம்பு புதியது.

---

பதினேழு பத்தி:

செம்பூரான் ஐயா கல்லைச் சொன்னார், நான் மரத்தைச் சொல்கிறேன்.

குன்றடியில் உள்ள மாதிரி அரண்மனை 1984-ல் தொடங்கி 1986-ல் முடிந்தது. நீளம் 67.2 மீட்டர், அகலம் 12, உயரம் 18.5. ஆணி இல்லாமல் மர ஆப்பும் பொருத்தும் வைத்து இணைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்துக் கட்டினார்கள்? வரைபடம் கிடையாது, ஓவியம் கிடையாது. ‘செஜாரா மெலாயு’ என்ற அரச வரலாற்று ஏட்டில் சுல்தான் மன்சூர் ஷாவின் (1459–1477) அரண்மனை பற்றி வரும் சில வரிகள்தான் ஆதாரம்.

அந்த வரிகளில் கணக்கு இருக்கிறது, போட்டுப் பாருங்கள். பதினேழு பத்தி (பத்தி என்றால் இரு தூண் வரிசைக்கு இடைப்பட்ட இடம்), ஒவ்வொரு பத்தியும் மூன்று டெபா. டெபா என்பது நம் பாகம்தான்: இரு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி, ஏறத்தாழ 1.8 மீட்டர். 17 × 3 = 51 டெபா, அதாவது 90 மீட்டருக்கு மேல். தூண்கள் ஒரு ஆள் கட்டிப் பிடிக்கும் பருமன். கூரை முகடு ஏழு அடுக்கு. ஆக, ஏட்டில் உள்ளபடி பார்த்தால் மாதிரி மூலத்தைவிட நாலில் ஒரு பங்குக்கு மேல் குட்டை. உள்ளே நடக்கும்போதே நீளமாகத் தெரியும் அந்தக் கூடத்தோடு இன்னும் 25 மீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூரையில் செம்பும் ஈயமும் (வெள்ளீயம்) வேய்ந்திருந்தார்கள். அரண்மனை தீப்பிடித்தபோது உருகிய ஈயம் கூரையிலிருந்து பெருமழை போலக் கொட்டியதால் உள்ளே புக யாருக்கும் துணிவு வரவில்லை என்று ஏடு சொல்கிறது. இது கவிஞர் கற்பனையாகத் தோன்றலாம். வெள்ளீயம் உருக 232 பாகை செல்சியஸ் போதும். எரியும் மரத்தின் சூடு அதைப் போல மூன்று மடங்கு. நடந்திருக்கக்கூடியதுதான்.

அதைவிட முக்கியமானது மறுபடி கட்டிய முறை. ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு ஊராரிடம் ஒப்படைத்தார்கள். பெரிய அரண்மனை ஓர் ஊர், மண்டபம் ஓர் ஊர், சமையல்கட்டு ஓர் ஊர் என்று தீவுகளும் ஆற்றோரக் குடியிருப்புகளும் ஆளுக்கொரு துண்டாக ஏற்றன. அந்தப் பட்டியலைக் கட்டட விவரமாக மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். எந்தெந்த ஊர் சுல்தானுக்கு உழைப்புக் கடமைப்பட்டது என்ற கணக்குப் புத்தகம் அது. மலாய் அரசுக்கு எல்லை நிலத்தில் கோடாகக் கிடையாது. யார் வந்து தூண் நடுகிறார்களோ அவர்கள்தான் எல்லை.

வீடுகளைப் பற்றியும் நேரில் கண்ட சாட்சி ஒருவர் இருக்கிறார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களில் வந்த மா ஹுவான், வீடுகளின் தளம் நாலு சீன அடி உயரத்தில், அதாவது சுமார் 1.2 மீட்டரில் இருந்தது என்கிறார். பலகை இல்லை, தென்னையைப் பிளந்து, பிரம்பால் கட்டி, ஆட்டுப்பட்டி போல இருந்ததாம். அதன்மேல் பாய் விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். தென்னையும் பிரம்பும் ஐந்நூறு ஆண்டு நிற்குமா? தோண்டினாலும் ஏன் ஒன்றும் அகப்படுவதில்லை என்பதற்கு இதுவே பதில்.

---

சுங்கத்துறை:

பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்கு வாருங்கள். இன்று நீங்கள் கடப்பது 1862-ன் தான் கிம் செங் பாலம். சுல்தான் காலத்துப் பாலமும் இந்த ஆற்று முகத்தை ஒட்டித்தான் இருந்தது. அதன் மேலேயே இருபதுக்கு மேற்பட்ட கடைகள் இருந்தன என்கிறார் மா ஹுவான்.

1512-லிருந்து சில ஆண்டுகள் இங்கேயே இருந்த போர்த்துகீசியர் தொமே பிரெஸ், 84 மொழிகள் பேசும் ஊர் என்று எழுதினார். எண்ணைவிட, அத்தனை பேரையும் எப்படி மேய்த்தார்கள் என்பதுதான் கற்க வேண்டியது. துறைமுகத்துக்கு நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள். ஒருவர் குஜராத்தியருக்கு மட்டும். ஒருவர் தமிழ்க் கரை, வங்காளம், பெகு, பாசை வணிகருக்கு. ஒருவர் ஜாவா, மலுக்கு, பண்டா, பலெம்பாங், போர்னியோ பக்கத்தாருக்கு. ஒருவர் சீனர், ரியூக்யூ தீவினர், சம்பா நாட்டாருக்கு. குஜராத்தியருக்குத் தனியாக ஒருவர் என்றால் அவர்களுடைய சரக்கின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

கப்பல் வந்ததும் நடப்பது இது. நாகுதா (கப்பல் தலைவர்) தன் இனத்து ஷாபந்தரைப் பார்ப்பார். அவர் முதலமைச்சர் போன்ற பெண்டஹாராவிடம் அழைத்துப் போவார். கிடங்கும் தங்க இடமும் ஒதுக்குவார்கள். பிறகு மதிப்பீடு: பத்து வணிகர் கூடுவார்கள், ஐந்து பேர் தமிழ்க் கரையார், ஐந்து பேர் மற்ற நாட்டார், சுங்க நீதி பார்க்கும் தெமெங்கோங் முன்னிலையில் சரக்குக்கு விலை போடுவார்கள். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு வரி நூற்றுக்கு 6. குடும்பத்தோடு இங்கேயே குடியேறியவருக்கு நூற்றுக்கு 3. கிழக்கிலிருந்து வந்தவர்கள் வரி கட்டுவதில்லை, காணிக்கை தர வேண்டும். அரிசிக்கும் உணவுப் பொருளுக்கும் வரியே இல்லை.

கடைசி விதிதான் நகரத்தின் பலவீனத்தைக் காட்டிக் கொடுக்கிறது. மலாக்காவைச் சுற்றிச் சொல்லிக்கொள்ளும்படி வயல் இல்லை. ஜாவா, பெகு, சயாம் மூன்றிலிருந்தும் அரிசி வராவிட்டால் ஊர் பட்டினி. அரிசிக்கு வரி போட்டு அரிசிக் கப்பலை விரட்ட எந்தச் சுல்தானும் துணியவில்லை.

கடல் சட்டமும் இங்கே ஏடாகவே இருந்தது. கப்பல் துறைமுகம் சேர்ந்தால் முதல் நான்கு நாள் நாகுதா மட்டும் விற்கலாம். அடுத்த இரண்டு நாள் கிவி எனப்படும் உடன்வந்த வணிகர்கள். பிறகு மற்றக் கப்பலாட்கள். எல்லோரும் ஒரே நாளில் கடை விரித்தால் விலை சரிந்துவிடும், கப்பலுக்குப் பொறுப்பானவர் முதலில் நட்டப்படுவார் என்பதால் இந்த ஒழுங்கு. அந்தச் சட்டத்தில் வழிகாட்டிக்குப் பெயர் முஆலிம். நம் மாலுமியும் அதே அரபுச் சொல்லின் பிள்ளைதான்.

காற்றைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று, மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. ஒரு காற்றில் வந்தவர் மறு காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களில்தான் வாடகை, கடன், திருமணம், மதம், மொழி எல்லாம் நடந்தது. செங் ஹோவின் ஆட்கள் கம்ப வேலி அடித்து, நான்கு வாசலிலும் முரசுக் கோபுரம் வைத்து, உள்ளே இரண்டாவது வேலியும் கிடங்குகளும் கட்டி, சீனக் கணக்கில் ஐந்தாம் மாத நடுவில் தென்காற்று நிலைத்த பிறகே கிளம்பினார்கள்.

---

ஈயக்காசு:

எடையும் காசும் பற்றிச் சுருக்கமாக.

மா ஹுவான் காலத்தில் பணமே வெள்ளீயக் கட்டிதான். ஒரு கட்டி 1 காட்டி 8 தாயில், அல்லது 1 காட்டி 4 தாயில். காட்டி, தாயில் இரண்டும் எடை அளவுகள்: 16 தாயில் ஒரு காட்டி. ஒரு காட்டி சுமார் 600 கிராம். ஆகவே ஒரு கட்டி 750 முதல் 900 கிராம். பத்துக் கட்டியைப் பிரம்பால் கட்டினால் சிறு கட்டு, நாற்பது சேர்ந்தால் பெரிய கட்டு. பெரிய கட்டு 30 முதல் 36 கிலோ வரும், ஒரு ஆளின் தலைச்சுமை.

பிறகு வந்தவை ஈயக் காசுகள். முஸஃபர் ஷா பெயரில் உள்ளவற்றில் ஒரு பக்கம் ‘முஸஃபர் ஷா அல்-சுல்தான்’, மறுபக்கம் ‘நாசிர் அத்-துன்யா வத்-தீன்’ (உலகுக்கும் மார்க்கத்துக்கும் துணை) என்று அரபு எழுத்தில் இருக்கும். அல்புகெர்க்கி வந்ததும் அதே ஈயத்தில் தன் காசுகளை அடித்தார்: 10 தின்யேரு ஒரு சோல்து, 10 சோல்து ஒரு பஸ்தார்து.

கையில் அப்படி ஒன்று கிடைத்தால் புளி, எலுமிச்சை, பற்பசை எதையும் தொடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதை ஈயத்துக்குச் செய்தால் அமிலம் எழுத்தைத் தின்றுவிடும். வாலைவடிநீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் மண்ணை மட்டும் எடுங்கள். சாம்பல்நிறப் படிவு கிடக்கட்டும், காசைக் காப்பதே அதுதான். இவை அச்சில் வார்த்தவை, அதனால் விளிம்பில் வார்ப்புக் கோடு இருப்பது இயல்பு. ஆனால் எழுத்து கூர்மையாக, உடம்பு வெள்ளி போல மின்னினால் சந்தேகப்படுங்கள். எடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நல்ல காசும் தேய்ந்து பாதியாகியிருக்கும். சேவல், முதலை வடிவ ஈயப் பணம் என்று கடைகளில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை நினைவுப் பொருள்கள்.

ஹிஜ்ரி ஆண்டை மாற்றக் கைக்கணக்கு: 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். மலாக்காவிலிருந்து வடக்கே லிங்கி ஆற்றோரம் பெங்காலான் கெம்பாஸ் கல்லில் சோதித்துப் பாருங்கள். மன்சூர் ஷா காலத்துக் கல் அது. ஒரு பக்கம் ஹிஜ்ரி 872: 845.8 + 622 = 1467.8. மறுபக்கம் பழைய எழுத்தில் சக ஆண்டு 1385. 78 கூட்டினால் 1463. ஒரே மனிதருக்கான கல்லில் நாலைந்து ஆண்டு வேறுபாடு! கல்வெட்டே ஒன்றுக்கொன்று இடிக்கும்போது, ஏட்டில் உள்ள ஆண்டை இறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று: 1511-ன் தேதிகள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் உள்ளவை. காற்றோடும் ஓதத்தோடும் ஒப்பிடும்போது 10 நாள் கூட்டுங்கள். நகரம் விழுந்த ஆகஸ்ட் 24, இன்றைய கணக்கில் செப்டம்பர் 3.

---

கேள்வி:

அண்ணே, மாநிலத்துப் பலகைகளில் 1262 என்று இருக்கிறதே, நெல்லிமரம் 1400 என்கிறாரே?

நெல்லிமரம்:

1262 மலாய் ஏட்டின் அரசர் வரிசையை வைத்துப் பின்னோக்கி எண்ணி வருவது. மாநில அரசு அதை ஏற்றிருக்கிறது. 1400 என்பது வெளிச் சான்றை வைத்து வருவது. சீன மிங் அரசின் தூதர் யின் சிங் 1403-ல் அனுப்பப்பட்டார். 1405-ல் யோங்லெ பேரரசர் மலாக்காவை அரசாக ஏற்றார். 1411-ல் பரமேஸ்வரா 540 பேரோடு நான்ஜிங் போனார். ஊர் அதற்கு முன்பே மீனவர் குடியிருப்பாக இருந்திருக்கும். அரச நகரமாக அது தெரிய வருவது இந்த ஆண்டுகளில்தான். எந்த ஆண்டைச் சொன்னாலும் அது எந்தச் சான்றிலிருந்து வந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

---

உப்பேக்காரர்:

எதிர்க்கரைக்கு வந்துவிட்டோம், நம்மவர் பங்கைச் சொல்லாமல் போக முடியாது. மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

பழைய ஏடுகளில் ‘கெலிங்’ என்று வரும் இடமெல்லாம் பெரும்பாலும் சோழமண்டலக் கரையார். கலிங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் அது வசை அல்ல, வணிக இனத்தின் பெயர். இன்று ஒரு மனிதரை அப்படி அழைப்பது புண்படுத்தும். இரண்டும் உண்மை. 1748-ன் கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரைப் படிக்கும்போது முதல் பொருளில் படியுங்கள்.

ஐந்தாம் சுல்தான் முஸஃபர் ஷாவின் தாய் தமிழ் முஸ்லிம் வழியினர். அவரை அரியணையில் ஏற்றிய துன் அலி, கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிண்டானின் மகன். துன் அலியின் மகன் பெண்டஹாரா துன் முதாகிர், அரசருக்கு அடுத்த அதிகாரம். 1510-ல் முதாகிரும் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். ஏடு சொல்லும் காரணம் நம் ஆட்களிடமிருந்தே தொடங்குகிறது: ராஜா மெண்டலியார் (முதலியார்தான்) என்ற ஷாபந்தருக்கும் நைனா சூரா தேவானா என்ற வணிகருக்கும் வழக்கு, இடையில் கித்துல் என்ற கடன்காரன் மூட்டிய கோள், பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று சுல்தானின் காதுக்குப் போன செய்தி. அடுத்த ஆண்டே போர்த்துகீசியர் வந்தபோது நகரத்தை நடத்தத் தெரிந்த கை இல்லை.

1511 ஜூலை 25-ல் முதல் தாக்குதல். பாலத்தைப் பிடித்தும் தக்கவைக்க முடியாமல் திரும்பினார்கள். படை சுமார் 1,200 பேர், அதில் மலபார் ஆட்களும் உண்டு. பாலம் போனால் அரசரும் சந்தையும் பிரிந்துவிடுவார்கள் என்பது அல்புகெர்க்கிக்குப் புரிந்தது. உயரமான ஒரு ஜங்க் கப்பலைப் பாலத்துக்கு மேலே நிற்கும்படி கொண்டுவர முயன்றார். ஆற்று முகத்து மணல்திட்டில் அது தட்டிவிட்டது. ஓதம் ஏறும் வரை காத்திருந்து ஆகஸ்ட் 10-ல் மீண்டும் தாக்கினார். இன்று பாலத்தில் நின்று ஆறு எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். ஒரே கப்பல் ஏன் போதுமானதாக இருந்தது என்பது விளங்கும்.

மலாக்காவில் முன்பே சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு உதவிய இந்து வணிகர் நைனா சத்து, புதிய ஆட்சியில் பெண்டஹாரா ஆனார். 1514-ல் பதவியைப் பறித்துக் கம்பார் மன்னருக்குக் கொடுத்ததும் தீ மூட்டி அதில் இறங்கினார். அவரைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களும் உண்டு, தியாகி என்பவர்களும் உண்டு. கப்பலும் கடனும் ஊருக்குள் மாட்டியிருந்த ஒரு வணிகரின் கணக்காகப் பார்த்தால்தான் அவர் செய்தது புரியும் என்பது என் முடிவு.

தெருவில் பார்க்க வேண்டியவை: துக்காங் எமாஸ் தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், 1781. டச்சுக்காரர், தமிழ் வழிவந்த சிட்டி சமூகத்தின் தலைவர் தைவநாயகம் சிட்டியிடம் கொடுத்த நிலம். அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அடுத்து செங் ஹூன் தெங் சீனக் கோயில். சிட்டி மக்கள் இப்போது காஜா பெராங்கில் வாழ்கிறார்கள்; வழிபாடு நம்முடையது, வீட்டு மொழி மலாய். அது குடியிருப்பு, காட்சிக்கூடம் அல்ல. வீட்டு முற்றத்தில் கேட்டுக்கொண்டு நுழையுங்கள்.

முன்ஷி அப்துல்லாவும் இந்தக் கரைக்காரர்தான். யேமனிலிருந்து நாகூர் வந்து தமிழ்ப் பெண்ணை மணந்தவரின் வழி. சிறுவயதில் இரண்டரை ஆண்டு தமிழ் படிக்க அனுப்பப்பட்டார். கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டும் என்பது அன்றைய மலாக்காவில் வசதியான வீடுகளின் வழக்கம். கப்பால், கெடாய், பெத்தி, மொடால் என்று மலாய்க்காரர் வாயில் இன்றும் இருக்கும் கப்பல், கடை, பெட்டி, முதல் எல்லாம் அந்தக் கணக்குப்பிள்ளைத் தமிழின் மிச்சம்.

---

வடக்குக் கரை:

எல்லோரும் மலாக்காவுக்குள்ளேயே தேடுகிறீர்கள். அரச நகரம் அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டது, அது போன வழியில் தேடுங்கள்.

மலாய் மரபில் தலைநகரம் என்பது மதில் அல்ல. மன்னர், அவருடைய அரச சின்னங்கள், அவரைச் சுற்றிய மக்கள். மூன்றும் நகர்ந்தால் தலைநகரமும் நகரும். சுல்தான் மஹ்முத் ஷா போர்த்துகீசியரிடம் தோற்றதும் பெர்தாம், மூவார், பஹாங், பிந்தான் என்று போனார். பிந்தானில் 1526 வரை தாக்குப் பிடித்து, கம்பாரில் 1528-ல் மறைந்தார். ஒரு மகன் வழி ஜொகூர் அரசு, இன்னொரு மகன் முஸஃபர் ஷா வழி 1528-ல் பேராக் அரசு. மலாக்காவில் இன்று சுல்தான் இல்லை, நியமிக்கப்படும் ஆளுநர்தான். ஆனால் பேராக்கின் அரச நகரமான கோலகங்சாரில் அந்தக் குடும்பத் தொடர்ச்சி அரியணையில் இருக்கிறது; பட்டாபிஷேகத்தில் ஏந்தும் சூரா சி மன்ஜாகினி வாளும் நோபாட் வாத்தியக் குழுவும் அந்தப் பழைய வழியைச் சொல்பவை.

பேராக் ஆற்றோரமாகச் சுல்தான்களின் கல்லறைகள் ஒரே இடத்தில் இல்லாமல் ஊர் ஊராகச் சிதறியிருக்கும். முன்பெல்லாம் அரியணை ஏறுகிறவர் ஆற்றங்கரையில் தனக்கென்று புதிய இடம் பார்த்துக் குடியேறுவார், அதனால்தான். வரைபடத்தில் அந்தக் கல்லறைகளைப் புள்ளி வைத்து இணைத்தால் தலைநகரம் நடந்த பாதையே கோடாக வரும். சாலையை விட்டு ஆற்றைப் பின்பற்றுங்கள். சாலை பிறகு வந்தது.

பதினேழு பத்தி அவர்களுக்கு ஒன்று. ஆணியும் வரைபடமும் இல்லாமல் மலாய்த் தச்சர்கள் அரண்மனை கட்டியதை மாதிரியில் இல்லாமல் மூலத்திலேயே பார்க்க வேண்டும் என்றால் கோலகங்சாரின் இஸ்தானா கெனாங்கான் இருக்கிறது. 1926-ல் கட்டியது; கல் அரண்மனையான இஸ்தானா இஸ்கந்தரியா 1933-ல் முடியும் வரை அரச குடும்பம் அதில் தங்கியது. சுவர் முழுக்கப் பிளந்த மூங்கிலைப் பின்னிய கெலாராய். மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று நிறம் மாற்றிக் கட்டம் போட்டிருப்பார்கள். கிட்டே போய்ப் பின்னலின் மேல்கீழ் வரிசையை எண்ணிப் பாருங்கள், காற்று எப்படி உள்ளே வருகிறது என்று கை வைத்தாலே தெரியும். மஞ்சளையும் கவனியுங்கள். மலாக்கா சுல்தான் வகுத்த விதிப்படி சாதாரணக் குடிமக்கள் அந்த நிறத்தை உடுத்தக் கூடாது. அரண்மனை விழாவுக்கு அழைப்பு வந்தால் மஞ்சள் சேலையையும் மஞ்சள் சட்டையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.